அத்தை தொடாத மூன்று மீன்கள்

எனக்கு எண்பத்திரண்டு வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான்; இருந்தாலும் இதை என் கையால் நானே எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா கடுகண்ணாவை ரயில் ஸ்டேஷனில் வேலை செய்தார். தந்தி அறையில் மின்சாரப் பற்றரிக்கு வைத்திருந்த பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றை, விளிம்பு உடைந்ததென்று கழித்துவிட்டார்கள். அப்பா அதை எனக்குக் கொண்டுவந்தார். சாம்பல் போட்டு ஒரு வாரம் கழுவினேன். அவரோடு வேலை செய்த சிங்கள மாமா ஒருவர் கீழ்நாட்டு ஓடையில் ஆறு மீன் பிடித்து, வாளியில் போட்டு ரயிலிலேயே கொண்டுவந்து கொடுத்தார். விரல் நீளம்தான். வெற்றிலை போட்ட வாய் மாதிரி தலை சிவந்திருக்கும். தனியே விட்டால் இரை எடுக்காது, கூட்டமாகவே வைக்க வேண்டும் என்று சொல்லிப்போனார். உண்மைதான். ஒன்று திரும்பினால் ஆறும் திரும்பும். ஒன்றையொன்று கடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்ததால் உதவிக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, கம்பளையிலிருந்து வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ரயில் பாதையில் மண் சரிந்து கொழும்பு மீன் வரவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; வெள்ளியில் இறைச்சி தொடமாட்டோம். பள்ளி விட்டு வந்து பார்த்தால் சாடியில் மூன்றுதான் இருந்தன. மற்ற மூன்றும் சட்டியில், புளிக்குழம்பில்.

“சும்மா சுத்திக்கிட்டு இருக்கவா அதுக்குச் சோறு போடுறோம்?” என்றார் அத்தை.

நான் அழவில்லை. சாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். “இனி நான் பள்ளிக்கூடமே போகமாட்டேன் அத்தை. இங்கயே காவல் இருப்பேன். தொட்டுப் பாருங்க.”

“இரேன். யாரு போகச் சொன்னா?”

அப்பா அன்று குழம்பைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலை என் பள்ளிப் பையை எடுத்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்ப ஆணியில் மாட்டினார். என்னை யாரும் அடிக்கவில்லை, இழுத்துப்போகவில்லை. தம்பி பிறந்தான். அவனை மடியில் போட்டுக்கொண்டே சாடியைக் காத்தேன். துணி துவைத்தேன், சோறு வடித்தேன், காத்தேன். அடுத்த மழைக்காலம்வரை மூன்றும் உயிரோடு இருந்தன. அத்தை ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவரை வென்றுவிட்டேன் என்று நாங்கள் இருந்த லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிள்ளை பார்க்க என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்த அவர்கள் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்ததும், அதை நானே எடுத்துக் கொடுத்ததும் அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு மூத்த மகளின் சிலேட்டில்தான் மறுபடி எழுத்துப் பிடித்தேன். என் பெண்களில் ஒருத்தியையும் எதற்காகவும் வீட்டில் நிறுத்தவில்லை.

இந்தா பேத்தி, சத்தமாக வாசி. பிழை இருக்கும். திருத்தாமல் வாசி.