பள்ளிக்கூடத்தில் ஒரு தூளி

குன்றக்குடி முருகனைத் தரிசிக்கக் காரைக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன். அவன் அருளால் இன்னும் வெயில் ஏறவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டிக்காரர் ஓர் ஊருணிக்கரையில் நிறுத்துகிறார். எதிரே கீற்றுக் கொட்டகையில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதுகிறார்கள். உத்தரத்தில் ஒரு தூளி தொங்குகிறது. அதை ஆட்டியபடியே வாத்தியார் பாடம் சொல்கிறார்.

"உங்கள் குழந்தையா?" என்று கேட்கிறேன்.

"இல்லீங்கய்யா. அந்தா எழுதுறாளே வள்ளி, அவ தம்பி. ஆத்தாக்காரி செட்டியார் வீட்டுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அரைக்கப் போறா. இவனைப் பாக்க ஆளில்லைன்னு வள்ளி படிப்பை நிப்பாட்டிட்டா. அவனையும் தூக்கிக்கிட்டு வா தாயின்னு நான்தான் சொன்னேன்."

"இன்ஸ்பெக்டர் வந்தால்?"

"போன வாரம் வந்தாக. இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளக்குற வீடான்னு கேட்டாக. இந்தத் தூளியை அவுத்தா வள்ளியும் போயிருவா, நீங்களே அவுத்துட்டுப் போங்கன்னேன். அவுக்காமலே வண்டி ஏறிட்டாக."

குழந்தை சிணுங்குகிறது. வள்ளி எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

"நீ எழுது ஆத்தா, நான் ஆட்டுறேன்" என்கிறார் வாத்தியார். பிறகு என்னிடம், "உங்க பிள்ளைக எல்லாம் படிக்குதுகளா?" என்று கேட்கிறார்.

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மூத்த மகளின் படிப்பைப் போன தை மாதம்தான் நிறுத்தினேன். வீட்டில் ஆளில்லை என்று அவளிடம் சொன்னேன். அப்போது நான் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.