பொடிச் சட்டை

எங்கள் அலுவலகத்தில் அவரைப் படக்காரர் என்றால்தான் தெரியும். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. ஒன்பது கிளைகளும் தினமும் எத்தனை கிலோ துவைத்தன என்பது அவருடைய கம்ப்யூட்டருக்கு வரும். அதை நெட்டுக் கம்பிகளாக வரைபடமாக்கி முதலாளி அறையின் பெரிய திரையில் போட வேண்டும். பதினான்கு வருஷமாக இதே பாடு. எனக்கு அடுத்த மேசை. அவர் விடும் பெருமூச்சுகளை எண்ணினால் அதற்கே தனியாக ஒரு வரைபடம் போடலாம்.

போன மாதம் முதலாளிக்குத் திடீரென்று ஆசை வந்தது.

"கம்பி கம்பியா நிக்குது, பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுய்யா. நம்ம தொழிலுக்குப் பொருத்தமா ஏதாவது போடேன்."

"பாத்ததும் புரியறது இதுதான் சார்."

"புரிஞ்சுக்கறது என் பாடு. நீ போடு."

கம்பிக்குப் பதில் சட்டை போடுவதென்று முடிவானது. கடையில் வாங்கிய மென்பொருளில் சட்டைப் படம் ஏது? மூன்று வாரம் உட்கார்ந்து அவரே எழுதினார். கிளைக்கு ஒரு சட்டை. அதிகம் துவைத்தால் பெரிய சட்டை, குறைந்தால் சின்னது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "அடியில எதுக்கு இத்தனை நம்பர்? தூக்கிடு" என்றார். இவரும் தூக்கிவிட்டார். எனக்கு ஆத்திரமே அதில்தான். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

அடுத்த கூட்டத்தில் முதலாளி திரையின் மூலையைக் காட்டினார். "இந்தப் பொடிச் சட்டை எந்தக் கிளை? இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது, மூடிருங்க."

அது படக்காரரின் அக்கா இஸ்திரி போடும் கிளை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்காவை அங்கே சேர்த்துவிட்டதே இந்தத் தம்பிதான்.

இடத்துக்குத் திரும்பியதும் அவசரமாக எண்களைத் திறந்தார். பெரிய கிளை துவைப்பதில் சரிபாதியை அக்காவின் கிளை துவைக்கிறது. படத்திலோ கால்வாசிதான் தெரிந்தது.

"அடப்பாவி, ரெண்டு பக்கமும் சுருக்கிட்டேனே" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பாதி வேலைக்குச் சட்டையின் உயரத்தைப் பாதியாக்கியவர், அகலத்தையும் பாதியாக்கியிருக்கிறார். கம்பியில் உயரம் மட்டுந்தான் குறையும், சட்டையில் மொத்தப் பரப்பும் அல்லவா குறைகிறது. இத்தனை வருஷம் படம் போட்டவர் இதில் போய்க் கோட்டை விட்டிருக்கிறார்.

உடனே திருத்தினார். மறுநாள் காலை முதலாளியிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"நேத்து பொடியா இருந்துச்சே. ஒரே நாள்ல எப்படி வளந்துச்சு?"

"வளரல சார். நான்தான் தப்பா வரைஞ்சிருந்தேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அக்கா அந்தக் கிளையிலதானே இருக்காங்க?"

அதற்கு மேல் என்ன சொல்லியும் எடுபடவில்லை. படக்காரர் பழைய கம்பிப் படத்தையும் அச்செடுத்து நீட்டினார். முதலாளி கையில்கூட வாங்கவில்லை. "மூடச் சொல்லிக் கடிதம் அனுப்பியாச்சு, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

சாயங்காலம் அக்காவின் போன் வந்தது. படக்காரரின் போனில் பேசுவது பக்கத்து மேசை வரை கேட்கும்.

"தம்பி, ஏதோ சட்டைப் படத்தப் பாத்துட்டு எங்க கிளைய மூடச் சொன்னாங்களாம். யாருடா அதப் போட்டது?"

இவர் சாமர்த்தியமாக ஏதாவது சொல்லித் தப்பிப்பார் என்று நினைத்தேன்.

"நான்தான்கா. தப்பாப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் அக்கா இஸ்திரி இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"என்னை விடு. இங்க இருபத்தாறு பேர் இருக்கோம்டா. அந்தக் கணக்குக்கு ஒரு படம் போட்டிருக்கக் கூடாதா?"

படக்காரர் போனைக் காதில் வைத்தபடியே அழுதார். நம்பரைத் தூக்கச் சொன்னபோது மறுக்காததற்காக அவர் மேல் எனக்கிருந்த கோபம் அப்போதும் தீரவில்லை.