வாயை மட்டும் அசைத்த கச்சேரி

என் குரல் பெரியது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. மரக்காணத்து உப்பளத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள் நான். இந்தப் பாத்தியில் நிற்பவள் கடைசிப் பாத்தியில் நிற்பவளிடம் தண்ணீர்க் குடத்தை எடுத்து வரச் சொல்ல வேண்டுமென்றால், கடல் காற்றைத் தாண்டிச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசுகிறவளுக்கு அங்கே தாகம் தீராது. வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரல்தான். "பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், ஏன் ஊரைக் கூட்டுற" என்பார் என் வீட்டுக்காரர்.

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகள்தான் பாட்டுக்குழுவைப் பற்றிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சுற்றுவட்டார ஆட்கள் இருபத்தைந்து பேர் கூடிப் பாடுவார்கள். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், டீச்சர், மீன் விற்கிறவர் என்று எல்லாரும் உண்டு. வந்து நின்றால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். நானும் பஸ் பிடித்துப் போய் நின்றேன்.

சொல்லித்தருபவர் புதுச்சேரிக்காரர், மேல்நாட்டு இசை படித்தவர். எங்களில் பலரைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே என் குரலைக் கேட்டுவிட்டு என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். பெண்களில் கனத்த குரல் உள்ளவர்களின் வரிசை அது, ஆல்டோ என்பார்கள். ஒரு வருடம் அங்கேயே நின்றேன். மற்றவர்களைத் திருத்துவார், என்னைத் திருத்தமாட்டார். நன்றாகப் பாடுகிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிறகு பிரான்சில் ஒரு சின்ன ஊரின் பாட்டுக்குழு எங்களை அழைத்தது, கொயர் என்பார்கள். பத்து நாள், மூன்று கச்சேரி, செலவெல்லாம் அவர்களுடையது. உப்பு வாரும் மும்முரமான மாதம் அது. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"பத்து நாள் வரலன்னா வேற ஆள் போட்டுக்குவேன்" என்றார்.

"போட்டுக்கோங்க" என்றேன்.

பாத்தியில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இங்கே கத்துவது போதாதென்று வெள்ளைக்காரன் ஊரில் போய்க் கத்தப் போகிறாள் என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் அவள் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக விமானம் ஏறினேன்.

அங்கே எங்களை இரண்டிரண்டு பேராக வீடுகளில் தங்கவைத்தார்கள். என்னோடு தங்கியவள் கோட்டக்குப்பத்துக்காரி. ஆல்டோ வரிசையில் என் பக்கத்தில் நிற்பவள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். தான் முதலில் விமானம் ஏறியது அவரைப் பார்க்க இல்லை, பாட்டுப் பாட என்று தினமும் போனில் அவரிடம் சொல்லிக்காட்டுவாள்.

முதல் கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரல் மட்டும் தனியா கேக்குது. இந்த ஊர் கொயர்லயும் சொல்லிட்டாங்க. நாளைக்கு வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேணாம். யாருக்கும் தெரியாது."

தெரியாத ஊர், புரியாத பாஷை, இத்தனை தூரம் கூட்டிவந்தவர் கேட்கிறார். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

இரண்டாவது கச்சேரி ஒரு டவுன் ஹாலில் நடந்தது. புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடினேன். துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்று உடம்புக்குத் தெரியும். எடுத்த மூச்சை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கடைசிப் பாட்டு எங்கள் ஊர்த் தமிழ்ப் பாட்டு. அதை ஆல்டோ வரிசைதான் தனியாகத் தொடங்கும். அன்றைக்கு ஒருத்தி முந்தினாள், இரண்டு பேர் பிந்தினார்கள், கோட்டக்குப்பத்துக்காரி வேறு எங்கோ போய் இறங்கினாள். நான்கைந்து வரி போன பிறகுதான் ஒன்று சேர்ந்தார்கள். நான் வாயசைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.

தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியதும் அந்த வீட்டு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பாஷையில் போனிடம் ஏதோ சொன்னார். போன் அதைத் தமிழாக்கி, பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி சொன்னது: "நீங்கள் இன்று மிகவும் அழகாகப் பாடினீர்கள்."

நல்ல மனுஷி. அவர் மேல் குற்றமில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் நாள் தொண்டை கிழியப் பாடினேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தமே போடாத நாளில் பாராட்டு. அவமானமாக இருந்தது. அதைவிட, தலையை ஆட்டிவிட்டு வந்தேனே என்று என் மேலேயே கோபம். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"நீ பாடலன்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே எங்களுக்குத் தெரியல. உன்னைப் பிடிச்சிக்கிட்டுதான் நாங்க எல்லாரும் போய்க்கிட்டிருக்கோம்" என்றாள் கோட்டக்குப்பத்துக்காரி.

"அதை மாஸ்டர்கிட்ட சொல்றதுதானே."

"நீயே சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்குது."

மறுநாள் காலையில் ஒத்திகைக்குப் போனோம். கடைசிக் கச்சேரி நடக்கப்போகும் பழைய பெரிய சர்ச் அது. அந்த ஊர்க் கொயரும் எங்களோடு சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்து நின்ற பிறகு சொன்னேன். தனியாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"மாஸ்டர், இன்னிக்கு நான் வாயசைக்க மாட்டேன். பாடுவேன்."

அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "அக்கா, அப்புறம் பேசலாம்" என்றார்.

"இப்பவே பேசிடலாம். என் குரல் பெருசுன்னு எனக்குத் தெரியும். குறைச்சுப் பாடுங்கன்னு சொல்லுங்க, எப்படின்னு காட்டுங்க, கத்துக்குறேன். ஒரு வருஷம் என்னைப் பின்னாடி நிக்க வெச்சீங்களே தவிர ஒரு நாளும் சொல்லித்தரல. பாடாதன்னு மட்டும் சொல்லாதீங்க."

"இப்ப அதுக்கு டைம் இல்லக்கா."

"உங்களுக்கு டைம் இல்லன்னா நான் ஊமையாவணுமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப கீழ பெஞ்சில உக்காந்து கேளுங்க."

"அதுவும் மாட்டேன். உக்காந்து கேக்கறதுக்கா வேலையை விட்டுட்டு வந்தேன்?"

ஆட்டோக்காரர் தரையைப் பார்த்தார். கோட்டக்குப்பத்துக்காரி மட்டும் வந்து என் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். மாஸ்டர் ஆல்டோ வரிசையை விட்டுவிட்டு மற்ற வரிசைகளுக்கு மட்டும் ஒத்திகை நடத்தினார். அன்று சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

கச்சேரியில் முதல் பாட்டிலேயே அவருடைய இடது கை என்னை நோக்கித் தாழ்ந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, அடக்கு அடக்கு என்று. நான் பாடினேன். அந்தச் சர்ச்சில் காற்று என்பதே இல்லை. என் குரல் போய்ச் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. உப்பளத்தில் குரல் போனால் போனதுதான், திரும்பாது. என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அவ்வளவு சத்தம் தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது, பக்கத்தில் இருப்பவளின் குரல் கேட்கிற அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். இதைச் சொல்லித்தர எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அவருடைய கை இன்னும் தாழ்ந்தேதான் இருந்தது. அதற்கு மேல் நான் குறைக்கவில்லை. பாட்டுக்குத் தேவையான குரல் எவ்வளவோ அவ்வளவு பாடினேன், அவர் கையைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

கடைசியாக எங்கள் தமிழ்ப் பாட்டு வந்தது. இரண்டு கொயரும் காத்து நின்றன. ஆல்டோ வரிசை தனியாகத் தொடங்க வேண்டும். மாஸ்டர் கையை உயர்த்தினார். முந்தின நாள் தடுமாறிய பயத்தில் என் வரிசையில் ஒருத்தியும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவரும் அதைப் பார்த்தார். உயர்த்திய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு விரலை என்னை நோக்கி நீட்டினார், நீங்க ஆரம்பிங்க என்று.

உடனே பாடவில்லை. ஒரு மூச்சு நேரம் அவரைக் காக்க வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. அவர் விரலை நீட்டியபடியே நின்றார். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, பிறகு பாடினேன்.