காதுக்குப் பின்னால் நீலம்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் லேசில் நம்பிவிட மாட்டார்கள். பால்காரர் ஊற்றும் பாலையும் டிவியில் வரும் ராஜாவையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார்கள். ஊரெல்லாம் சீரியலை அழுதுகொண்டே பார்க்கும். நாங்கள் தப்புக் கண்டுபிடிக்கப் பார்ப்போம். சாயங்காலம் ஆறரைக்கு ராஜா கதை, ஏழு மணிக்குச் சாமி கதை. நடுவில் ஒரு தட்டு நிறைய வறுத்த வேர்க்கடலை. யார் பெரிய தப்பைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கடைசிப் பிடி.

அப்பாவுக்குச் சண்டைக் காட்சி. நேற்று இடது கையில் வெட்டுப்பட்ட தளபதி இன்று வலது கையில் கட்டோடு வந்தால், "புடிச்சிட்டேன்!" என்று தொடையைத் தட்டுவார். அம்மா ராணிகளை விடமாட்டாள். "ஜெயில்ல மூணு மாசமாம். புருவம் மட்டும் நேத்து பார்லர் போயிட்டு வந்தா மாதிரி இருக்குது பாரு!" என்பாள். எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, மேக்கப். சாமி கதையில் நீல மேனியோடு நிற்கும் சிவன் அடுத்த காட்சியிலேயே கிழவர் வேடத்தில் வருவார். மாமா டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

"மூஞ்சிய எவன் வேணா கழுவிடுவான். காதுக்குப் பின்னாடி பாருங்க, அங்கதான் மாட்டுவாங்க."

கிழவர் திரும்புவார். காதுக்குப் பின்னால் ஒரு திட்டு நீலம் இருக்கும். கடைசிப் பிடி மாமாவுக்குப் போய்விடும். நான்காம் வகுப்பு முடியும் வரைக்கும் எனக்கு அது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

அப்பாவின் சந்தேகம் டிவியோடு நிற்கவில்லை. மாமா பக்கத்தில் வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பதாகச் சொல்லி, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்புவார். பௌர்ணமி வந்தால் கிரிவலம் போவார். கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டுதல்.

"பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடந்தவன் பாதம் இப்படியா இருக்கும்? ஒரு கொப்புளம் காணோம். எங்கயோ சீட்டாடப் போறான் உன் தம்பி," என்று அப்பா அம்மாவிடம் முணுமுணுப்பார்.

"என் தம்பின்னா உங்களுக்கு எப்பவுமே இளக்காரம்," என்று அம்மா சீறுவாள். ஆனால் அப்புறம் அவளும் போய் வாசலில் கிடந்த மாமாவின் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மாமாவுக்கு முப்பத்து நாலு வயது. ஜாதகம் போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியாகப் போளூர் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கு மாமாவின் போட்டோ பிடித்துவிட்டது. அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். பௌர்ணமி முடிந்து, பிரதமை ஆகாது என்று அதற்கும் மறுநாள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். இதுவும் தட்டிப்போனால் தம்பி தனிமரமாகத்தான் நிற்பான் என்று அம்மாவுக்கு ஒரே பயம். ஜன்னல் கம்பியைக்கூடத் துணியால் துடைத்தாள்.

பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். கேசரி, போண்டா, காபி. பெரியம்மா எங்கள் வீட்டுக்குச் சளைத்தவர் இல்லை. பீரோவை ஒரு பார்வை, கூரை விசிறியை ஒரு பார்வை, மாமாவை மட்டும் நான்கைந்து பார்வை பார்த்தார். சம்பளம், வேலை நேரம் எல்லாம் பெண்ணின் அப்பா விசாரித்தார். மாமா தலைகுனிந்துகொண்டு நன்றாகவே பதில் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. மாமாவின் வலது காதுக்குப் பின்னால், முடி முடியும் இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீலம்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. "புடிச்சிட்டேன்! மாமாவுக்குக் காதுக்குப் பின்னாடி நீலம்!" என்று கத்தினேன். கை தட்டுவார்கள் என்று எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

யாரும் தட்டவில்லை. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அது, இங்க்குங்க. பிரிண்டர் இங்க்கு. ஆபீஸ்ல…"

பெரியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வந்ததுலருந்து யோசிச்சுட்டே இருக்கேன், எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்குதேன்னு. பௌர்ணமியன்னிக்கு கிரிவலப் பாதையில அடி அண்ணாமலைகிட்ட சிவன் வேஷம் போட்டு நின்னது நீங்கதானே? இந்தச் சம்பந்தம் நல்லபடியா முடியணும்னு உங்க கையாலதான்ப்பா திருநீறு வாங்கி வச்சேன்!"

மாமா எழுந்து நின்றார். பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அவர் சொல்லவில்லை. "ஆமாங்க, நான்தான். சென்டர மூடி ஆறு மாசம் ஆச்சு. வேற வேலை தேடிட்டுத்தாங்க இருக்கேன். பொண்ணுகிட்ட நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றார்.

அவர்கள் மரியாதையாகத்தான் விடைபெற்றார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு அர்த்தம் எனக்கே தெரியும். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். ஆறு மாதமாகச் சந்தேகப்பட்டது சரியாகிப்போனதில் அப்பா துள்ளுவார் என்று பார்த்தால், அவர் கீழே கிடந்த ஒரு போண்டாத் துணுக்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாமா தன் தட்டில் தொடாமல் வைத்திருந்த கேசரியை என் பக்கம் நகர்த்தினார். சட்டம் சட்டம்தானே? நான் வாங்கித் தின்றேன்.

அன்று ஏழு மணிக்குச் சாமி கதை வந்தது. வேர்க்கடலை வறுக்கவில்லை. சிவன் நீலமாக வந்தார், கிழவராக வந்தார், திரும்பினார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"சுத்தமாத்தான் கழுவியிருக்கான்," என்றார் மாமா.

பொய்! காதுக்குப் பின்னால் நீலம் பளிச்சென்று இருந்தது, நான் பார்த்தேன். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, இனிமேல் கடைசிப் பிடி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாயம் எந்த இடத்தில் போகாமல் நிற்கும் என்று அவருக்கு அத்தனை நாளும் எப்படித் தெரிந்தது? எதையும் நம்பாத அந்த வீட்டில் இருந்துகொண்டு, அந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.