மக்ரீட்டாவின் நாலாவது தேர்வு

மக்ரீட்டா யாஃப்தாவுக்கு வாய் ஜாஸ்தி, கைமணம் அதைவிட ஜாஸ்தி. காரூ வறண்ட நிலத்தில், எங்கள் தொலைநோக்கிக் குன்றின் விடுதியில் பதினெட்டு வருஷமாகச் சமையல் அவள்தான். எல்லாருக்கும் அவள் டான்னி, அதாவது அத்தை. நான் அங்கே படுக்கை விரிப்பு துவைக்கிறவள். வானியல்காரர்கள் ராத்திரி முழுக்க முழித்திருந்துவிட்டு, பகல் இரண்டு மணிக்கு எழுந்துவந்து பலகாரம் கேட்பார்கள். சாப்பிடும்போதும் நட்சத்திரச் சண்டைதான். இவள் முட்டையைப் புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்வாள். சந்தேகம் வந்தால் கேட்டே விடுவாள். பதில் சொல்லாதவருக்கு அன்றைக்குக் காய்ந்த ரொட்டிதான்.

அவளுக்கு ஒரே ஆசை, பார்வையாளர்களுக்கு வானத்தைக் காட்டும் வழிகாட்டி ஆகணும். அதற்கு வருஷத்துக்கு ஒரு தேர்வு. கேள்வி கேட்கிறவர், எங்கள் விடுதியிலேயே சாப்பிடும் மூத்த வானியல்காரர் டாக்டர் ஃப்ளோக். மூன்று வருஷமாகக் கடைசிக் கேள்விக்கு "பதில் தப்பு" என்று எழுதி அனுப்பிவிட்டார். மூன்று முறையும் இவள் மளிகை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "எனக்குத்தான் மண்டையில ஏறலடி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறுநாளே ஓர் ஆராய்ச்சி மாணவரைப் பிடித்து, ஆட்டுக்கறியைக் காட்டி மயக்கி, முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். அவரும் இவள் தேர்வில் சொன்னதையேதான் சொல்வார். இவள் திருதிருவென்று முழிப்பாள்.

நாலாவது முறை சாப்பாட்டு அறையிலேயே தேர்வு நடந்தது. நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர், அவள் சுட்ட பால் டார்ட் இனிப்பில் இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார்: வெள்ளைக் குள்ள நட்சத்திரங்கள் வெடிக்கும்போது எல்லாம் ஒரே அளவு பிரகாசிக்காதது ஏன்?

"உள்ள எவ்வளவு நிக்கல் உருவாகுதுங்கிறதுதான், டாக்டர். அது சிதையச் சிதையத்தான் வெளிச்சம் வருது. வெடிக்கிறதுக்கு முன்னாடி மெதுவா ரொம்ப எரிஞ்சுட்டா, பொங்கின மாவு மாதிரி நட்சத்திரம் உப்பித் தளர்ந்துடும். அப்புறம் வெடிச்சாலும் நிக்கல் கம்மி, வெளிச்சம் மங்கல். கொஞ்சமா எரிஞ்சதுமே வெடிச்சா பளிச்சுனு இருக்கும். சிலது ரெண்டு குள்ளனுங்க முட்டிக்கிட்டு வெடிக்குது, அங்க எடைக்கணக்கே வேற. மிச்சத்துக்கு நீங்களே இன்னும் அடிச்சுக்கிறீங்க. போன செவ்வாக்கிழமை கரண்டியால மேஜையைத் தட்டினீங்களே."

டாக்டர் சிரித்துவிட்டார். வாயில் டார்ட், புத்தி எங்கேயோ.

"எப்பவும்போல சரியாத்தான் சொல்றீங்க, டான்னி. ஆனா நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாவம், முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மக்ரீட்டா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எப்பவும்போலவா?" என்றாள். "நான் முட்டாள்னு மூணு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேனே, டாக்டர். அது உங்க வயித்துக்காகவா?"

மனுஷன் நிமிரவே இல்லை. தாளை இழுத்துத் "தேர்ச்சி" என்று எழுதினார். இவள் நகரவில்லை. பழைய தாள்கள் மூன்றையும் அவரையே அலுவலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் "தப்பு" என்பதை அடித்து, "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை பக்கத்திலேயே நின்றாள். மூன்றாவதையும் எழுதி முடித்தவர், மிச்ச டார்ட்டைத் தொடாமலே எழுந்து போனார். நல்லா வேணும்.