தைவதத்தில் நின்ற பேஸ் கிதார்

வயலின், மிருதங்கம், தம்பூரா. கர்நாடக சங்கீதம் பாடுகிற எனக்குப் பழகிய மேடை அதுதான். சென்ற ஆண்டு தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கிதாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாட முடியுமா என்று கேட்டார்கள். சட்டென்று சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யாரோடு பாடுவது என்ற கவலை வந்தது.

ஆட்கள் எங்கள் ஊர் குடவாசலிலேயே கிடைத்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கீழ்வேளூர்க்காரர். சின்ன வயதிலிருந்தே சர்ச் பாட்டுக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறவர். டிரம்ஸுக்கு அவருடைய நண்பர், அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். மெஷின்கள் வயலுக்குப் போயிருந்ததால் காலியாகக் கிடந்த அவருடைய கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். வைக்கோல் தூசி தொண்டையை அறுத்தது.

மோகனத்தில் ஆரம்பித்தேன். ஐந்தே சுரங்கள், கேட்டவுடனே முகம் மலரும் ராகம். வாத்தியார் என் ஆதார சுரமான ஷட்ஜத்தையே பிடித்துக்கொண்டு நின்றார். குறையில்லை, ஆனால் தம்பூரா செய்கிற வேலைதான் அது. திடீரென்று கீழே இறங்கித் தைவதத்தில் நின்றார்.

"சார், சுருதி மாறுது," என்று பாட்டை நிறுத்தினேன்.

"சாரிங்க மேடம். பாட்டு சோகமா திரும்புற எடத்துல சர்ச்சுல இப்படித்தான் எறங்குவோம். கை தானா போயிடுச்சு."

சோகமா? மோகனத்திலா?

"இன்னொரு தடவை அங்கயே போங்க சார்."

இறங்கினார். நான் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. பாடியது மோகனம், கேட்டதோ சோகம் கசியும் சுத்த தன்யாசி! ஆதார சுரத்தை மாற்றினால் ராகம் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கிரக பேதம் என்று மேடையிலும் செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் தம்பூரா பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். இங்கே என் காலடித் தரையையே ஒருவர் நகர்த்தி வைத்தார்.

"அக்கா, என்னக்கா பண்ணுனீங்க? புல்லரிச்சுப் போச்சு!" என்று டிரம்ஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

விழா அன்று மைதானம் முழுக்க ஒரே பேச்சுச் சத்தம். முதல் பாட்டை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்து மோகனம். எங்கே இறங்குவது என்று பேசி வைத்திருந்தோம். சத்தம் குறையாததால், அந்த இடம் வருமுன்பே மேல் ஷட்ஜத்தில் நின்றுகொண்டு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். புரிந்துகொண்டு இறங்கினார். மைதானம் அப்படியே அடங்கியது. அந்த அமைதியிலேயே கொஞ்ச நேரம் பாடினேன். அவர் மறுபடி ஷட்ஜத்துக்கு ஏற, டிரம்ஸும் சேர்ந்துகொண்டபோது எழுந்த கூச்சல் இருக்கிறதே! கைதட்டல் எனக்குப் புதிதில்லை. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியதை அன்றுதான் பார்த்தேன். மூன்று தடவை திரும்பப் பாடவைத்தார்கள்.

முடிந்ததும் கல்லூரிக்கு எதிரே டீ குடிக்கப் போனோம். வாத்தியாருக்கு உட்காரவே முடியவில்லை.

"மேடம், காந்தாரத்துல நின்னா என்ன வரும்?"

"ஹிந்தோளம்."

"பாடுங்களேன்."

அவர் காந்தாரத்தை முனகிக்கொண்டு நிற்க, டீக்கடை வாசலிலேயே நான் பாடத் தொடங்கினேன். டிரம்ஸ்காரர் நாங்கள் வந்த வேனின் கதவில் தாளம் தட்டினார்.