படுக்கப் போட்ட ஷாக் அப்சார்பர்கள்

என் வீட்டுக்காரர் எதையும் தட்டிப் பார்க்காமல் வீட்டுக்குள் விட மாட்டார். பால்காரர் ஊற்றும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். கறிவேப்பிலையைக்கூட முகர்ந்துதான் வாங்குவார். இதெல்லாம் ஊரில் பலரும் செய்வதுதான் என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் என் அண்ணன் கொண்டுவரும் சாமான் என்றால் மட்டும் சோதனை பலமாக இருக்கும்.

கல்யாணமான முதல் வருஷம் அண்ணன் எங்கள் ஊர் ஏரலிலிருந்து பொங்கல்படிச் சீர் கொண்டுவந்தபோது, பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள்குலை எல்லாவற்றையும் சிரித்த முகமாகத்தான் வாங்கி வைத்தார். அடுத்த வருஷம் அண்ணன் வாசலில் நிற்கும்போதே பானையைக் கவிழ்த்து, விரலால் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். கீறல் இருக்கிறதா என்று பார்த்தாராம். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றான்.

அந்த இரண்டு பொங்கலுக்கும் நடுவில் ஒன்று நடந்திருந்தது. ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். எனக்கு முன்பே வேறொரு இடத்தில் நிச்சயமாகி, அது நின்றுபோனதாம். உண்மைதான். அந்த மாப்பிள்ளை வீட்டார் என்னவோ சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் அண்ணன் அதை மறைக்கவில்லை. இவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் மாமனாரைத் தனியே அழைத்துச் சொன்னான். அடுப்பங்கரையில் நின்று என் காதால் கேட்டேன்.

மாமனார் அதை மகனிடம் சொல்லவில்லை. மறந்தாரா, மறைத்தாரா என்று எனக்குத் தெரியாது. காலையில் நாற்காலியைப் போட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். பேப்பருக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்க்கிறாரோ என்று சில நேரம் எனக்குத் தோன்றும். நான் வாயைத் திறந்தால் மாமனாரைப் பொய்யராக்க வேண்டும். அதனால் பேசாமல் இருந்தேன். என் வீட்டுக்காரர் சந்தேகப்பட்டது பானையை அல்ல, என்னைத்தான் என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

எங்களிடம் அப்போது ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி மண்டியில் இறக்குவது அவர் தொழில். ஆற்றோரத்து ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் ஷாக் அப்சார்பர்கள் செத்துப்போயிருந்தன. பள்ளத்தில் விழுந்தால் வண்டி துள்ளாமல் அமுக்கிப் பிடிப்பதற்காகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் எண்ணெய்க் குழாய்கள் அவை. அவை செத்துவிட்டதால் தார்கள் ஒன்றோடொன்று மோதிக் கறுத்துப்போய் வந்து சேர்ந்தன. மண்டிக்காரர் அண்ணாச்சி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு வண்டிச் சாமான் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் நான்கு ஷாக் அப்சார்பர்களைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கம்பெனி சாமான் இல்ல மாப்ளே, வெளிச் சாமான்தான். ஆனா நல்ல கனம். நீங்க ஏத்துத லோடுக்குத் தாங்கும். நெட்டுக்குத்தலா நிறுத்தியே வைங்க, படுக்கப் போட்டுராதீய."

"ஏன் மச்சான்?"

"கடையில அப்படித்தான் வச்சிருக்கோம்."

சந்தேகப்பட அந்தப் பதில் போதாதா? அண்ணன் தெருமுனை திரும்புவதற்குள் இவர் என்னிடம் வந்தார்.

"ஏட்டி, உங்க அண்ணன் சொன்னதக் கேட்டியா? நெட்டுக்குத்தலா வச்சா ஒழுகுத எண்ணெய் உள்ளயே நின்னுரும்லா. படுக்கப் போட்டாத்தான வண்டவாளம் தெரியும்."

அது ஆடி மாதம். ஆடியில் புதுச்சாமான் எதையும் மாட்ட மாட்டார்கள், ஆவணி பிறக்கவேண்டும். அதுவரைக்கும் பூஜை அறையில் இருக்கட்டும் என்றார். நான்கிலும் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, சாமி படங்களுக்கு முன்னால் வரிசையாகப் படுக்க வைத்தார். அடியில் மாமனார் படித்து முடித்த பேப்பர். பக்தி பாதி, சோதனை பாதி. தினமும் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றுவார், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எண்ணெய்க் கறை ஒரு பொட்டு இல்லை. அவர் முகத்தில் நிம்மதி தெரிகிறதா என்று நான் பார்ப்பேன். அதுவும் இல்லை.

நான் அப்போது மாசமாக இருந்தேன். ஆவணியில் வளைகாப்பு போட்டு என்னை ஏரலுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. முதல் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் நான் வேறெதற்கும் ஆசைப்படவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் இவர் சொன்னார்.

"அந்தச் சாமான் போலின்னு தெரிஞ்சா உங்க அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. பிரசவமும் இங்கனதான். ஒரு தடவ ஏமாந்தது போதும்."

அந்த 'ஒரு தடவ' என்பது நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசச் சட்டியைக் கீழே போட்டிருப்பேன், மாமனார் எதிரே உட்கார்ந்திருந்தார். அவரும் கேட்டார். ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

எனக்கும் பயம்தான். அண்ணன் ஏமாற்ற மாட்டான். ஆனால் அவனை யாராவது ஏமாற்றியிருந்தால்? பழைய சாமானைத் துடைத்துப் பெயிண்ட் அடித்துப் புதிதென்று தலையில் கட்டுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. யாரும் இல்லாத நேரம் பூஜை அறைக்குப் போய் நானும் அவற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சந்தேகம் தொற்றுநோய்தான்.

ஆவணி பிறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, வாசலில் வாதாமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினார். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் புதிதைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்கு நினைப்பு, அதனால் தானே மாட்டுவதாக ஏற்பாடு. பழைய நட்டுகளில் முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். மாட்டுவதற்கு முன்னால் கடைசிச் சோதனை. புது ஷாக் அப்சார்பர் ஒன்றைச் சாக்கில் படுக்க வைத்து, ஒரு முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, மறுமுனையைக் கையால் தள்ளினார். பாதி தூரம் லொடலொடவென்று பிடிப்பே இல்லாமல் போனது. இழுத்தார், மறுபடி தள்ளினார். இன்னும் மோசம். நான்கும் அப்படியே.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. அதில் கோபமே இல்லை. கடைசியில் கிடைத்துவிட்டது என்பதுபோல ஒரு தெளிவு இருந்தது.

தெருமுனைக் கடையிலிருந்து போன் போட்டு, அண்ணனை உடனே வரச் சொன்னார். அவன் வந்து சேர்வதற்குள் நான்கையும் சாக்கில் வரிசையாகப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமனார் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பாரும் மச்சான், காத்தடிக்கப் பம்பு மாதிரிலா போவுது. பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்தீரா?"

அண்ணன் குனிந்து ஒன்றைத் தள்ளிப் பார்த்தான். லொடலொட. அவன் முகம் வெளிறிவிட்டது. "கடையில பாக்கும்போது நல்லாத்தான இருந்து மாப்ளே" என்றான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அங்கே இனி நான் பேசாமல் இருந்தால் ஏரல் இல்லை, அம்மா இல்லை.

"அண்ணே, இத நெட்டுக்குத்தலா வைக்கச் சொன்னேல்லா? இவுக ஆடி மாசம் பூரா படுக்கத்தான் போட்டிருந்தாவ. இப்பவும் படுக்க வச்சுத்தான் தள்ளிப் பாத்தாவ."

"ஒனக்கு என்ன தெரியும், உள்ள போ" என்றார் இவர்.

நான் போகவில்லை. அண்ணன் ஒன்றை எடுத்துத் தரையில் நிமிர்த்தி வைத்து, மேல்முனையைப் பிடித்துப் பைய அமுக்கினான். லொடலொட. இழுத்தான், அமுக்கினான். அதே லொடலொட. மூவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். மறுபடி இழுத்தான். இந்த முறை உள்ளே எண்ணெய் எங்கோ இறங்குகிற ஒரு சின்னச் சத்தம். அடுத்த அமுக்கலில் கை பாதியில் நின்றது. அண்ணன் உடம்பு முழுவதையும் சாய்த்தான். அது மெதுவாக, விறைப்பாக, மனமில்லாமல் இறங்கியது. படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று ஏறியிருக்கிறது, நிமிர்த்தி அமுக்கினால் இடம் மாறிவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

"நீங்களே அமுக்கிப் பாருங்க மாப்ளே."

இவர் அமுக்கினார். நான்கையும் அமுக்கினார். அந்த நேரத்தில் அவர் முகத்தைத்தான் நான் கவனித்தேன். நல்ல சாமான் கிடைத்த மனிதரின் முகமாக அது இல்லை. கையில் கிடைத்ததைப் பறிகொடுத்தவர் முகமாக இருந்தது.

இரண்டு பேருமாக மாட்டினார்கள். பழசு ஒன்று துருவோடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்தது, சுத்தியலால் நாலு போட்டதும் வந்தது. அமுக்கினாலும் இழுத்தாலும் பிடிப்பே இல்லாமல் போய்வந்தது, நிமிர்த்தி வைத்தும் அதற்குத் தெம்பு வரவில்லை. ரப்பர் புஷ்ஷைச் செருகி, போல்ட்டைக் கோத்து, இவர் நட்டை முறுக்கினார். அண்ணன் முறுக்கினதை மறுபடி தானும் ஒருமுறை முறுக்கினார். பிறகு ஆற்றுப் பாலம் வரைக்கும் வண்டியை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். மேட்டில் ஏறி இறங்கினால் தவளை மாதிரித் துள்ளுகிற வண்டி, தெருவுக்குள் திரும்பும்போது பள்ளத்தில் இறங்கி ஒரே அசைவில் அடங்கியதை நானே பார்த்தேன்.

இறங்கியதும் இவர் மாமனாரின் பக்கத்திலிருந்து அன்றைய பேப்பரை எடுத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் விரித்தார். ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு.

"எங்கனயோ இடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குப் பொறுமை அத்தோடு போனது.

"ஒண்ணும் இடிக்கல. உங்களுக்கு எங்க அண்ணன் கள்ளனா இருக்கணும். அவன் கள்ளன்னு ஆயிட்டா நான் போலின்னு ஆயிரும். அதுக்குத்தான இந்தப் பேப்பரு?"

"நிச்சயம் நின்னத மறைச்சவன்தான அவன்?"

"மறைக்கல. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே உங்க அப்பாட்ட சொன்னான். இங்கனதான இருக்காவ, கேளுங்க."

முகத்தை மறைத்துக்கொள்ள மாமனாரிடம் அப்போது பேப்பர் இல்லை, அது வண்டிக்கு அடியில் கிடந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை வெறுத்த நேரம் அதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கைகளைப் பார்த்தபடியே மகனிடம் சொன்னார்.

"சொன்னாம்லே. நான்தான் உன்ட்ட சொல்லல. சொன்னா வேண்டாம்னுருவ. எனக்கு இந்தப் பிள்ளையப் பிடிச்சிருந்து."

அண்ணன் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலேயே, "போட்டும் விடுங்க மாமா" என்றான். இவர் குனிந்து வண்டிக்கு அடியிலிருந்த பேப்பரை இழுத்து, மண்ணைத் தட்டி, அப்பாவின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

சந்தேகம் அவரை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது இடம் மாறிக்கொண்டது. மாமனார் குழம்பில் உப்பில்லை என்று சொன்னால் அன்றிலிருந்து இவரும் ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். ஆனால் ஆவணியில் எனக்கு வளைகாப்பு நடந்தது. அதே வண்டியில், வாழைத்தார் கிடக்கிற இடத்தில் என் பெட்டியும் பலகாரமும் கிடக்க, என்னை ஏரலில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு வந்தவர், துணியில் சுற்றியிருந்த மகளை ஆசை ஆசையாக அக்குளில் கை கொடுத்து நேரே தூக்கினார். கதவோரம் நின்ற அண்ணன் பதறிவிட்டான்.

"நெட்டுக்குத்தலாத் தூக்காதீய மாப்ளே, கழுத்து இன்னும் நிக்கல. படுக்கப் போடுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனை ஒருமுறை பார்த்தார், பிள்ளையைக் கையில் சாய்த்து, என் பக்கத்தில் பையப் படுக்க வைத்தார்.